புறங்கை வரைக்கும்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வாரந்தோறும் வியாழக்கிழமை கூடும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாருவோடு அங்கே போயிருக்கிறேன். அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கறவை மாட்டுக்குப் பேச்சு நடந்தது. தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். மாட்டின் மடி நிறைந்து காம்புகள் புடைத்து நின்றன. "நேரத்துக்கு ஏழு லிட்டருங்க. கண்ணை மூடிட்டுப் புடிச்சுட்டுப் போங்க" என்றார் மாட்டுக்காரர். விலை முடிந்து அப்பாரு பணத்தை எண்ணிக் கொடுத்தார். மாட்டுக்காரர் மறுபடி எண்ணிப் பார்த்து, ஒரு நூறு ரூபாய்த் தாளை உருவி நீட்டினார். "ஒண்ணு சேர்ந்து வந்துருச்சுங்க."

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்த மாடு நேரத்துக்கு நாலு லிட்டர்தான் கறந்தது. முந்தின நாள் சாயங்காலமும் சந்தையன்று காலையும் கறக்காமல் விட்டு, மடியை நிறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாரு தான் ஏமாந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆனால் அந்த ஆளைக் கெட்டவன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல மனுசன்தான். நூறு ரூபாயைத் திருப்பிக் குடுத்தானல்லோ" என்றார்.

இதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மடியைக் கட்டியதில் அவருக்குக் கிடைத்தது ஆயிரக்கணக்கில் இருக்கும். திருப்பிக் கொடுத்தது நூறு. காசே குறி என்றால் நூறையும் வைத்துக்கொண்டிருப்பார். பொய்யே ஆகாது என்றால் காலையில் கறந்துவிட்டு மாட்டை ஓட்டி வந்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நின்றார். நம்மில் பெரும்பாலோர் நிற்பதும் அந்த இடத்தில்தான். ஏமாற்றுவது தப்பா என்று கேட்டால் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தப்பு என்பார்கள். அப்புறம் எப்படிச் செய்கிறோம்?

இதற்குப் பொருளாதாரக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்த பதில் எளிமையானது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968ல் எழுதிய கட்டுரை ஒன்றில் குற்றத்தை ஒரு கணக்காக வைத்தார். கிடைக்கும் லாபம் எவ்வளவு, மாட்டிக்கொள்ள வாய்ப்பு எவ்வளவு, மாட்டினால் தண்டனை எவ்வளவு. லாபம் பெரிதாக இருந்தால் செய்வார்கள், இல்லையென்றால் விடுவார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கருங்கல்பாளையத்துக்காரர் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. அப்பாருவுக்கு அந்த நூறு தெரியவே தெரியாது.

மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சூரிச் நகரத்து மாணவர்களை வைத்து உர்ஸ் ஃபிஷ்பாக்கரும் பிரான்சிஸ்கா ஃபோல்மி-ஹாய்சியும் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2013ல் வெளியானது. தனியாக உட்கார்ந்து பகடையை உருட்ட வேண்டும். என்ன எண் விழுந்தது என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. ஒன்று விழுந்தால் ஒரு பிராங்க், ஐந்து விழுந்தால் ஐந்து பிராங்க், ஆறு விழுந்தால் ஒன்றும் கிடையாது. எல்லோரும் உண்மை சொன்னால் ஒவ்வோர் எண்ணும் ஆறில் ஒரு பங்கு, அதாவது 17 சதவீதத்துக்குப் பக்கமாக வரவேண்டும். ஐந்து என்று எழுதியவர்கள் சுமார் 35 சதவீதம். ஆறு என்று உண்மையை எழுதிவிட்டு வெறுங்கையோடு போனவர்களும் 6 சதவீதம் இருந்தார்கள். என்னை நிறுத்தியது நாலு என்ற எண். அதை எழுதியவர்கள் சுமார் 27 சதவீதம். இவர்களில் ஒரு பகுதி பொய் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் முழுப் பொய் சொல்லவில்லை. ஐந்து என்றே எழுதியிருக்கலாம், தடுக்க ஆளில்லை. இருந்தும் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பழமொழியை நாம் லஞ்சத்துக்குச் சமாதானம் சொல்லத்தான் பயன்படுத்துகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. நக்குவது புறங்கையைத்தான். குடத்தில் வாயை வைப்பதில்லை. குடத்தில் வாய் வைத்தால் அவன் திருடன். புறங்கை என்றால், பாவம், அங்கே ஒட்டியிருந்தது. மனிதர்கள் ஏமாற்றுவதற்கு உள்ளே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். போலீஸ் போட்ட அளவு அல்ல அது. ராத்திரி படுக்கும்போது நான் யோக்கியன்தான் என்று நினைத்துக்கொள்ள எதுவரைக்கும் இடம் இருக்கிறதோ அதுவரைக்கும். 2019ல் ஆபெலர், நொசென்சோ, ரேமண்ட் மூவரும் இந்த மாதிரிப் பகடைச் சோதனைகளை 47 நாடுகளிலிருந்து திரட்டி 44,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பதில்களைக் கணக்கெடுத்தார்கள். பொய் சொல்லிச் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தில் சுமார் முக்கால் பங்கை மனிதர்கள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது.

அதே 2019ல் இன்னொரு பெரிய ஆய்வும் வந்தது. 40 நாடுகளில் 355 ஊர்களில், கீழே கிடந்தது என்று சொல்லி 17,000க்கு மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, தபால் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் கோயம்புத்தூரும் அந்த ஊர்களில் ஒன்று. சிலவற்றில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. மொத்தத்தில், பணமில்லாத பர்ஸுக்கு உரியவரைத் தேடி எழுதியவர்கள் 40 சதவீதம், பணம் இருந்த பர்ஸுக்கு 51 சதவீதம். மூன்று நாடுகளில் தொகையைக் கூட்டிப் பார்த்தபோது 72 சதவீதத்துக்குப் போனது. காலிப் பர்ஸை மேசை டிராயரில் போட்டு மறந்துவிட்டால் அது சோம்பேறித்தனம். பணம் இருக்கும் பர்ஸைப் போட்டு மறந்தால் அதற்குப் பெயர் திருட்டு. அந்தப் பெயரைத் தாங்க மனசு ஒப்பவில்லை.

பெயர்தான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். தப்பு என்று தெரிந்ததை நாம் தப்பு என்ற பெயரோடு செய்வதே இல்லை. வேறு ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் கை போகிறது.

பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். "பாலில் தண்ணீர் கலப்பாயா?" என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அழுகையே வந்துவிடும். ஆனால் கறந்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பால் வீணாகக்கூடாது என்று அதை அலசி, அந்தத் தண்ணீரைக் கேனில் ஊற்றுவது சாதாரணம். அது பாத்திரம் கழுவின தண்ணி. ஒரு டம்ளர்தான் ஊற்றி அலச வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. விசைத்தறிக்காரர்களிடம் கேட்டால் பாவு நூலில் மிஞ்சுவதைக் கழிவு என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணும்போது நூற்றுக்கு மேலே சேர்த்து வாங்குவதற்கு லாபக்காய் என்று பெயர். எல்லாமே வழக்கத்தில் இருப்பவை, ஓர் அளவுவரை நியாயமும் உள்ளவை. அந்த அளவு எங்கே முடிகிறது என்று சொல்ல ஆளில்லாததால்தான் சிக்கல்.

எங்கள் மாமா கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை வைத்திருந்தார். கொப்பரையில் கரும்புப்பால் காய்ந்து அழுக்கு எடுத்து, பாகு பதம் வந்து, தொட்டியில் ஊற்றித் தேய்த்தால் நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்துதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை வாங்குகிறார்கள். அந்தப் பெருமை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. மாமா முருக பக்தர், வருசா வருசம் காவடி எடுத்தவர். நிறம் வெளுக்கவேண்டும் என்று பாகில் ஹைட்ரோஸ் போட்டார். வெள்ளைச் சர்க்கரை விலை இறங்கின மாதங்களில் அதையும் மூட்டை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டினார். ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட், துணி வெளுக்கவும் சாயம் எடுக்கவும் பயன்படுகிற பொருள். உணவுப் பாதுகாப்புத் துறைக்காரர்கள் ஆலைகளில் சோதனை போட்டு, இப்படிக் கலக்க வைத்திருந்த சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்வது ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் அடிக்கடி வரும் செய்தி.

நான் காலேஜ் படிக்கும்போது மாமாவிடம் நேராகவே கேட்டேன். கோபப்படவில்லை. "வெளுப்பா இருந்தாத்தான் வியாபாரி எடுக்கறான் கண்ணு. கருப்பாக் கொண்டுபோனா மூட்டைக்கு முந்நூறு கொறைப்பான். திங்கறவங்களுக்கே மஞ்ச மஞ்சேன்னு இருக்கோணும்" என்றார். சரி, சர்க்கரை கலப்பது? "அஸ்காவும் கரும்புல வந்ததுதானே? மண்ணையா கலக்கறோம்?" அவர் சொன்னதில் பொய் என்று பிரித்து எடுக்க ஒரு வார்த்தை இல்லை. வெள்ளைச் சர்க்கரையும் கரும்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் வீட்டுக்கு என்று தனியாக ஒரு கொப்பரை காய்ச்சினார், அதில் ஒன்றும் போடவில்லை. அந்தச் சர்க்கரையைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். எங்களுக்குக் கொடுத்த டப்பாவில் கருப்பாக, தேன் வாசத்தோடு இருக்கும். மாமாவுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதை அந்த டப்பா சொன்னது.

பகடைச் சோதனையில் இதற்கு ஒரு நேர் உதாரணம் உண்டு. 2011ல் ஷாவுல் ஷால்வியும் அவரோடு சேர்ந்தவர்களும் பகடையை மூன்று முறை உருட்டவிட்டார்கள். கணக்குக்கு முதல் உருட்டு மட்டும்தான். மற்ற இரண்டும் பகடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எழுதிக் கொடுத்த எண்களைப் பார்த்தால், மூன்றில் எது பெரியதோ அதை முதலாவதாக விழுந்தது என்று எழுதியது போலவே இருந்தது. ஒருமுறை மட்டும் உருட்டியவர்கள் இந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காத எண்ணை எழுத மனசு கூசுகிறது. இரண்டாவது உருட்டில் பார்த்த எண் என்றால், அதுவும் இந்தப் பகடையில் விழுந்ததுதானே? அஸ்காவும் கரும்பில் வந்ததுதானே?

இந்தச் சமாதானங்களை முதலில் வகை பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிரஷாம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும், 1957ல். தப்புச் செய்கிற பையன்களுக்கும் ஊரில் மற்றவர்களுக்கு இருக்கிற நியாயங்கள்தான் மனசில் இருக்கின்றன, செய்வதற்கு முன்னால் அவற்றைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுகிறார்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன ஐந்து வழிகளையும் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே காலையில் கேட்டுவிடலாம். நான் என்னங்க பண்றது, வியாபாரி கேக்கறான். யாருக்கு என்ன நட்டம் வந்துருச்சு? அவன் மட்டும் சும்மாவா, வேணும் அவனுக்கு. ஆபீசருக யோக்கியமா? எம் புள்ளைகளுக்காகத்தானே பண்றேன். கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குடும்பத்துக்காக என்று சொல்லிவிட்டால் தப்பு என்பதே தியாகமாக மாறிவிடுகிறது.

யாருக்கு என்ன நட்டம் என்ற கேள்வியின் விலையைப் பார்க்க நொய்யல் கரையில் நடந்தால் போதும். திருப்பூரில் சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துச் சொட்டுக்கூட ஆற்றில் விடக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வருகிற ராத்திரிகளில் திறந்துவிடுவது நடந்தது. வெள்ளத்தோடு போய்விடும் என்பதுதான் சமாதானம். கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992ல் பாசனத்துக்கு என்று கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. கிணறுகளில் உப்பு ஏறியது, தென்னைகள் கருகின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எனக்குத் தாங்காத விஷயம் என்னவென்றால், பனியன் தொழிலுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கிணற்றில் உப்பு ஏறினால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வாளி சாயத்தைக் கொட்டச் சொன்னால் செத்தாலும் செய்திருக்க மாட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் கீழே இருக்கிறவர் முகம் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்முறை உறுத்துவது பத்தாவது முறை உறுத்துவதில்லை என்பதும் உண்மை. லண்டனில் நடத்தி 2016ல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், சொந்த லாபத்துக்குத் திரும்பத் திரும்பப் பொய் சொல்லச் சொல்ல, உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதி காட்டும் எதிர்வினை குறைந்துகொண்டே போனது, பொய்யின் அளவு கூடிக்கொண்டே போனது. மாமா முதல் வருசம் ஹைட்ரோஸை ஒரு கைப்பிடிதான் போட்டார் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் உறுத்தலை ஞாபகப்படுத்தினால் போதுமா? நம் ஊரில் இதற்கு வழி இருந்தது. பஞ்சாயத்தில் தீராத வழக்கு என்றால் கோயில் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்களும் இதே எண்ணத்தில்தான் போனார்கள். பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினால் ஏமாற்றுவது நின்றுவிடுகிறது என்று 2008ல் ஓர் ஆய்வு சொன்னது. 2018ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. படிவத்தின் அடியில் போடுகிற கையெழுத்தை மேலேயே வாங்கிவிட்டால் ஆட்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012ல் இன்னோர் ஆய்வு வந்தது. அரசாங்கங்கள்கூட அதை நம்பிப் படிவத்தை மாற்றிப் பார்த்தன. அந்த ஆய்வில் வாகனக் காப்பீட்டுக்காரர்களின் கிலோமீட்டர் கணக்கு என்று காட்டிய தரவு இட்டுக்கட்டியது என்று 2021ல் வெளிப்பட்டு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. சத்தியம் வாங்குவது, நான் இப்போது பொய் சொல்லப்போகிறேன் என்று தெரிந்தவனைத்தான் தடுக்கும். செய்கிற தப்புக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டவன் சூடத்தை நிம்மதியாகவே அணைப்பான்.

எங்கள் ஊரில் ஏலச்சீட்டு நடத்திய ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபது பேர், மாசம் பத்தாயிரம், இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. பதிவு ஏதும் கிடையாது, எல்லாம் ஒரு நோட்டில். பதினைந்து வருசமாக ஒரு ரூபாய் பிசகாமல் நடத்தியவர். 2010ல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்து, அவர் குத்தகைக்கு நிலம் பிடித்தார். போர் போட்டார், ஆயிரம் அடியில் புகைதான் வந்தது. இன்னொன்று போட்டார். வட்டிக்கு வாங்கினார். மஞ்சள் வெட்டி எடுத்த 2012ல் விலை நாலாயிரம் பக்கம் வந்து நின்றது.

இடையில், இல்லாத ஓர் ஆளின் பெயரை நோட்டில் எழுதி ஒரு சீட்டை அவரே எடுத்துக்கொண்டார். அதைக் கட்ட இன்னொரு சீட்டு ஆரம்பித்தார். அதைக் கட்ட மூன்றாவது. ஏமாற்றுவதாக அவர் நினைக்கவில்லை என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். புரட்டிக் கொடுத்துடலாம் என்று நினைத்தார். டொனால்ட் கிரெஸி என்ற குற்றவியலாளர் அமெரிக்கச் சிறைகளில் இருந்த, நம்பி ஒப்படைத்த பணத்தில் கைவைத்தவர்களைப் பார்த்துப் பேசி 1953ல் எழுதினார். நிறையப் பேர் திருடுகிறோம் என்று நினைக்கவில்லை, கடனாக எடுக்கிறோம் என்றே நினைத்திருந்தார்கள். கைக்கு எட்டுகிற வாய்ப்பு இருந்தது. அதற்கு முன்னால், ஒவ்வொருவருக்கும் யாரிடமும் வெளியே சொல்ல முடியாத ஒரு பணக்கஷ்டம் இருந்தது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். போர் பொய்த்ததைச் சொன்னால் ஊரில் கௌரவம் போய்விடும், சீட்டில் ஆள் சேரமாட்டார்கள் என்று நினைத்துச் சீட்டுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

சீட்டு உடைந்தபோது எங்கள் அத்தைக்கு ஒன்றே முக்கால் லட்சம் போனது. மகள் காலேஜுக்கு வைத்திருந்த பணம். போலீசுக்குப் போகவில்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனார். ஏமாந்தவர்கள், திருட்டுக் கொடுத்தவர்கள் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள், பூசினால் ஏமாற்றியவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. அத்தை அரைத்தார். கை எரிச்சல் இரண்டு நாளைக்குப் போகவில்லை என்றார்.

நாலைந்து வருசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சீட்டுக்காரரை எதிரில் பார்த்தோம். மெலிந்திருந்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக அத்தையிடம் வந்தார்.

"அக்கா, நானு ஏமாத்தோணும்னு பண்ணலீங்க. எனக்கு நேரஞ் செரியில்லைங்க."

அத்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "மொதப் போர் பொய்ச்ச அன்னைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, நாங்க இருவது பேரும் சேர்ந்து ஒரு வழி பண்ணியிருக்க மாட்டமா தம்பி?" என்றார். அவர் பந்திக்குப் போகாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.